டின் கழுவிய தண்ணீர்

தக்காளியை டின்னில் அடைத்துச் சாப்பிடும் மனுஷர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று சின்னேரிப்பட்டி ஜனங்கள் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர நம்பியதில்லை, ஏனென்றால் அந்த ஊரில் தக்காளி என்பது, விலை விழுந்த காலத்தில் ராயக்கோட்டை மண்டிவரைக்கும் கொண்டுபோகிற வண்டி வாடகைகூடத் தேறாது என்று ரோட்டோரத்தில் கொட்டப்பட்டு, மாடுகளே தின்று சலித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பண்டமாக இருந்தது. அப்படி விலை விழுந்த பழத்தையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஊருக்கு மேற்கே இருந்த கம்பெனி, ஒரு வீட்டளவு பாத்திரத்தில் கொட்டிச் சுண்டவைத்து, விழுதாக்கி, டின்னில் அடைத்துக் கப்பலேற்றியது. அந்தப் பாத்திரத்துக்கு எஞ்சினியர்கள் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வேலை செய்தவர்கள் அதைப் பெரிய சட்டி என்றார்கள். அதற்குள்ளே இரும்புத் துடுப்பு ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அடிபிடிக்கும், அடிபிடித்தால் அத்தனை டன்னும் கருகல் வாசனை அடித்துப் பாழாகும் என்பது கம்பெனியில் சேருகிறவனுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம்.

பெரிய சட்டியின் மேல்தட்டில் நின்று, துடுப்பில் சிக்கும் காம்பையும் சணலையும் நீளக் கம்பியால் எடுத்துவிடுகிற வேலை வேடியப்பனுக்கு. ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வேலை பிடிக்காமல் மதிலேறிக் குதித்து ஓடிவிட்டான் என்று கம்பெனி சொன்னது. அவனுடைய சைக்கிள் கம்பெனிக் கொட்டகையிலேயே நின்றது, சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது, செருப்பு இரண்டும் மேல்தட்டுப் படிக்குக் கீழே ஜோடியாகக் கிடந்தன. சைக்கிளையும் செருப்பையும் சோற்றையும் விட்டுவிட்டு ஒருத்தன் எங்கே ஓடுவான் என்று அவன் மனைவி பச்சியம்மா கேட்டதற்கு, ஓடுகிறவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டா ஓடுவான் என்று கம்பெனி வாசலில் பதில் கிடைத்தது. தெருவிலும் சிலர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். நாக்கில் நரம்பில்லாதவர்கள் எந்தத் தெருவில்தான் இல்லை.

சின்னேரிப்பட்டியில் ஒரு கட்டு உண்டு. செத்தவனைக் கண்ணால் பார்த்த ஒருவர் செத்தவன் வீட்டு வாசலில் நின்று, தன் வாயால் சாவைச் சொல்ல வேண்டும்; அப்படிச் சொல்லாதவரைக்கும் அந்த வீட்டில் சாவு விழவில்லை என்றுதான் கணக்கு, அழக்கூடாது, பறை அடிக்கக்கூடாது, தாலி இறக்கக்கூடாது, காரியம் செய்யக்கூடாது. பச்சியம்மாவின் மாமனார் சென்றாயன் ஒவ்வொரு நாளும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து யாராவது வந்து சொல்வார்கள் என்று ரோட்டைப் பார்த்தார். யாரும் வரவில்லை. பச்சியம்மா புருஷன் இருக்கிறவளும் இல்லை, இல்லாதவளும் இல்லை. கல்யாண வீட்டில் அவளுக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். அவளோ, அவன் வந்து சேரும்வரை, அல்லது அவன் சேதி வந்து சேரும்வரை, தக்காளியை நாக்கில் வைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டாள். அந்த ஊரில் அது பாதிப் பட்டினிக்குச் சமம்.

நசுங்கிய டின்னைக் கப்பல்காரன் எடுக்கமாட்டான் என்பதால், நசுங்கியதை முறை வைத்துத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பது கம்பெனி வழக்கம். அந்த மாதம் வேடியப்பன் முறை. ஆளே இல்லையென்றாலும் முறை முறைதான் என்று ஸ்டோர்காரன் நினைத்தானோ, பழகிய தோஷத்தில் செய்தானோ, பச்சியம்மாவைக் கூப்பிட்டு, இடுப்பில் வைத்துத் தூக்குமளவு கனத்த ஒரு டின்னைக் கொடுத்தனுப்பினான். வேடியப்பன் காணாமல்போன ஷிஃப்டில் அடைத்த சரக்கு அது. மற்றதெல்லாம் கப்பலேறிவிட்டது, நசுங்கிய இது ஒன்றுதான் மிச்சம் என்று அவனே பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

அவள் அதைக் கொடுவாளால் நெம்பித் திறந்தாள். பழம் போடுகிற பழக்கத்தில் ஒரு கரண்டி நிறைய அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டாள், விழுது என்பது ஒரு கூடைப் பழத்தின் சாரம் என்று அவளுக்குத் தெரியாது. புளிப்பு தாங்காமல் தண்ணீர் விட, தண்ணீருக்கு மிளகாய் போட, மிளகாய்க்கு உப்புப் போட, குழம்பு குண்டானை மீறியது. மாமனாருக்கு ஊற்றியதுபோக மீந்ததைப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் நஞ்சம்மா கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்துவிட்டு, தலைமுடியைக் கோதிக்கொண்டே சொன்னாள். "மேலக் கெணத்துல நான் மொதமொதல்ல குதிச்சேனே, பச்சி, அன்னிக்குத் தண்ணி என்னா சில்லுனு இருந்துச்சின்ற. கண்ணைத் தெறந்தா பச்சையா இருந்துச்சி. அப்பன் மேல நின்னுக்கிட்டு கையை அடி, கையை அடின்னு கத்துறாரு."

"நீ எப்பக்கா கெணத்துல குதிச்ச? உனக்கு ஆத்துத் தண்ணின்னாலே பயமாச்சே."

"ஆமா, பயந்தான்," என்றாள் நஞ்சம்மா, கொஞ்சம் யோசித்து. "குதிச்சது நான் இல்ல. வேடியப்பன். ஆனா நெனப்பு எனக்குத்தான் வருது." சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பது ஞாபகம் வந்து போய்விட்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சென்றாயன், அந்தக் கிணற்று மேட்டில் நின்று கையை அடி என்று கத்தியவர், இதைக் கேட்டார். அவர் சாப்பிட்ட குழம்பில் அவருக்கு வந்தது, சினை மாட்டின் வயிற்றில் காது வைத்து ஒரு பையன் கேட்ட சத்தம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தது. திறந்த டின் தாங்காது, தீர்க்க வேண்டும், ஒரு வீட்டு வாயால் தீராது என்று பச்சியம்மா ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாய்ச் செய்து தெருவில் பகிர்ந்தாள். நல்லெண்ணெயில் வதக்கிப் பூண்டு தட்டிப்போட்டுத் தொக்காக்கினாள். பஞ்சர் கடை இஸ்மாயில் பாய் அதைத் தோசைக்குத் தொட்டுத் தின்றுவிட்டு, சாட்டையால் அடித்த அப்பனுக்குப் பயந்து வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்ட மத்தியானத்தை நினைத்து, கடைவாசலில் டியூபைக் கையில் பிடித்தபடி தேம்பினார். மிளகு ரசத்தில் ஒரு ஸ்பூன் கரைத்தாள்; குடித்த பிள்ளைகளெல்லாம் வேடியப்பன் விசிலடிக்கிற மாதிரியே, கீழுதட்டை மடித்து, விசிலடித்தார்கள். ரசத்தில் வந்த நினைவு லேசாக இருந்தது, வதக்கியதில் வந்தது எண்ணெயோடு சேர்ந்து நெஞ்சிலேயே நின்றது. தெரு இதற்கு அதிசயப்படவில்லை. சாயங்காலம் குழாயடியில் கூடினால், இன்னிக்கு உனக்கு என்ன வந்துச்சி என்று, ஜுரம் விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டார்கள். கப்பலேறிப்போன மற்ற டின்களை எந்தத் தேசத்தில் எந்தப் பிள்ளைகள் எதில் தடவித் தின்று, கண்ணால் பார்க்காத ஒரு மாட்டின் பெயரை எந்த அம்மாவிடம் கேட்கிறார்களோ என்று நஞ்சம்மா மட்டும் ஒரு தடவை கவலைப்பட்டாள்.

எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை இஸ்மாயில் பாய்தான் கேட்டார். சென்றாயனிடம் வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அவன் நெனப்பு எங்களுக்கு வருதுன்னா நாங்க தின்னது என்னான்னு எங்களுக்கே தெரியுது. எம் மனசு கெடந்து தவிக்குது. மிச்சத்தைப் பொதைச்சிடலாமா?" என்றார்.

தெரு முழுக்க அங்கே நின்றது. ஓங்கரித்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனவர்களும் உண்டு, அதை நான் மறைக்க வேண்டியதில்லை.

"சாவு சொல்ல ஆள் வரல. சொல்லாம எப்படிப் பொதைக்கிறது?" என்றார் சென்றாயன். "குப்பையில போட்டா மாடு நக்கும். விலை போவாத பழத்தை ரோட்டுல கொட்டுன கைதான் இது. எம் புள்ளையக் கொட்டமாட்டேன். யாருக்கு முடியுதோ அவங்க தின்னுங்க. உங்க வயித்துலயாவது அவன் வீடு வந்து சேரட்டும்." பிறகு மருமகளைப் பார்த்து, "தட்டை எடுத்துட்டு வாம்மா" என்றார்.

அன்றைக்கு ஓங்கரித்தவர்களும் தின்றார்கள். தின்னத் தின்ன வேடியப்பன் தெருவெல்லாம் பரவினான், ஒருத்திக்கு அவன் பயம் வந்தது, ஒருத்தருக்கு அவன் பசி வந்தது, சண்டைக்காரனான எதிர்வீட்டுக் கெம்பனுக்கு, தன்மேலேயே வேடியப்பன் வைத்திருந்த ஆங்காரம் வந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு அலைந்தான். ஆனால் அந்தக் காலை ஷிஃப்டில் என்ன நடந்தது என்பது மட்டும் யார் நாக்குக்கும் வரவில்லை. பச்சியம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அடுத்த கரண்டியில் வரும், அடுத்த கரண்டியில் வரும் என்று அவள் அள்ளி அள்ளிப் போட்டாள், வேண்டுதலின் காரணமாகத் தான் மட்டும் வாயில் வைக்காமல்.

டின்னின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூசணம் கட்ட ஆரம்பித்தபோது தெருப்பெண்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். மேலே எண்ணெய் ஊற்றி மூடினால் காற்றுப் படாது என்றாள் ஒருத்தி. ஸ்பூன் ஸ்பூனாகத் தட்டில் வைத்துக் குளிர்பெட்டியில் உறையவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும் என்று டவுனில் வீட்டுவேலை பார்த்தவள் சொன்னாள். உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வில்லையாக்கச் சொன்னாள் நஞ்சம்மா. எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். மளிகைக்கடை ஐஸ்பெட்டியில் உறைந்தது, யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் ஒட்டாமல் வந்தது. வெயிலில் காய்ந்ததில் கோடைக்காலம் மட்டுமே வந்தது. எண்ணெய்க்கு அடியில் இருந்தது மட்டும் வேடியப்பனாகவே இருந்தது.

அந்த எண்ணெய்க்கு அடியிலிருந்து எடுத்துச் செய்த தக்காளிச் சோற்றைத் தின்ற நஞ்சம்மாவின் மருமகள், மறுநாள் பச்சியம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் போனாள். கையைப் பிடித்து இழுத்துக் கேட்டதற்கு, முகமெல்லாம் சிவந்து, "ஒண்ணுமில்லக்கா, உங்க கல்யாணத்தன்னிக்கு ராத்திரி... கரண்டு போயிருந்துச்சில்ல" என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு ஓடினாள். பச்சியம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். ஊரெல்லாம் அவனைப் பங்குபோட்டதைப் பொறுத்தவளுக்கு இது பொறுக்கவில்லை. தனக்கென்று இருந்த ஒரே பொழுதைத் தானே பொங்கி, தானே தட்டில் வைத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டோமே என்று வயிறெரிந்தாள், டின்னை மூடி, மேல் பரணில் வைத்து, இனி ஒரு ஸ்பூனும் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அடியில் ஓர் உருண்டை அளவு மிஞ்சியிருந்தது. மற்றதைவிடக் கறுத்து, அங்கங்கே கருகல் பொட்டோடு இருந்தது அது. கூடையிலே முதலில் போட்டது அடியில்தான் கிடக்கும் என்பார்கள். இந்த டின்னிலோ கடைசியில் நடந்தது அடியில் கிடந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தபோதே இதுதான் என்று தெரிந்துகொண்டாள். சேதி வந்தபிறகு தக்காளி தின்னலாம், தக்காளியைத் தின்றால்தான் சேதி தெரியும். தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டோமே என்று நொந்தாள். வேண்டுதலை மீறித் தின்றாலும் பயனில்லை, ஏனென்றால் பார்க்காதவள் அவள். அவள் சொன்னால் அது சாவு ஆகாது.

வேடியப்பனின் ஷிஃப்டில் சூப்பர்வைசராக இருந்த தனசேகர் வந்தது அந்தச் சமயத்தில்தான். உள்ளூர் ஜனங்கள் டின்னைப் பற்றிப் பேசுவது கம்பெனி காதுக்குப் போயிருந்தது. பஞ்சப்பள்ளிப் பக்கத்து ஆள், களி தின்று வளர்ந்தவர், கட்டம்போட்ட சட்டையை உள்ளே செருகி, கையில் புது டின் ஒன்றோடு மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"அந்த டின்னு கெட்டுப்போன சரக்கும்மா. உடம்புக்கு ஆவாது. அதைக் குடுத்துட்டு இதை வெச்சிக்க."

"பரண்ல இருக்குது சார், எறக்கித் தரேன். வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேணாம்மா. வயிறு சரியில்ல." அவர் கண் அடுப்பின் மேலிருந்த குழம்புச் சட்டிக்குப் போய்த் திரும்பியது. "குழம்பெல்லாம் ஒத்துக்காது."

"குழம்பு யாரு ஊத்துறாங்க. களியும் மோரும் தரேன். வயித்துக்கு நல்லது."

அவர் தயங்கினார். களியையும் மோரையும் வேண்டாம் என்று சொல்லும் நாக்கு அந்தப் பக்கத்து மனுஷனுக்குக் கிடையாது. அதில் சிவப்பாக எதுவும் இருக்கவும் முடியாது. வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

பச்சியம்மா உள்ளே போய் டின்னை இறக்கினாள். கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டி, களிக்கோலை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள். இதை அவருக்குக் கொடுத்தால் தனக்கு ஒன்றும் மிஞ்சாது. அவன் கடைசியில் யாரை நினைத்தான், யார் பேரைக் கூப்பிட்டான் என்பதை இன்னொரு வாய்தான் அறியும், அதுவும் இந்த வாய். அவள் அழுதாள், அழக்கூடாத வீட்டில் சத்தமில்லாமல் அழுதாள், ஆனால் கிண்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். பிறகு அந்தக் கறுத்த உருண்டையை வழித்து மாவுக்குள் போட்டு, கேழ்வரகின் கருமை அதை முழுசாய் விழுங்கும்வரை கிண்டி, கையை நனைத்து உருட்டித் தட்டில் வைத்து, மோரை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள்.

தனசேகர் பசியோடு தின்றார். கெம்பன் தன் வாசலில் வந்து நின்றான், நஞ்சம்மா வந்தாள், பாய் கடையைப் போட்டுவிட்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, வந்தார்கள். பாதி உருண்டை போனதும் தனசேகரின் கை தட்டிலேயே நின்றது.

"துடுப்புல சணல் சுத்திக்கிச்சி," என்றார். குரல் அவருடையதுதான், பேச்சு அவருடையதல்ல. "கம்பிக்கு எட்டல. உள்ள எறங்கி ஒரு காலை விளிம்புல வெச்சிக்கிட்டு எடுக்கறேன். சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க சார்னு சொன்னேன். சாருக்குக் கேட்டுச்சி. கை சுவிட்ச் மேலதான் இருந்துச்சி. மேல நின்னு என்னையே பாக்குறாரு." அவர் அண்ணாந்து பார்த்தார், அங்கே வேப்பமரத்தைத் தவிர ஒன்றுமில்லை. "நிறுத்துனா அடிபிடிச்சிரும், வேடியப்பா, சீக்கிரம் எடுன்னாரு. கால் வழுக்கிச்சி. சூடு மொதல்ல தெரியல. அவர் மூஞ்சிதான் தெரிஞ்சிச்சி, வேர்த்திருந்துச்சி, பாவமா இருந்துச்சி. சுவிட்சை அமுக்கவேயில்ல."

தட்டு கீழே விழுந்தது. சென்றாயன் படியிலிருந்து எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, அவர் முன்னால் வந்து நின்றார்.

"பாத்தது யாரு?" என்றார்.

"நான்," என்றார் தனசேகர், இப்போது இரண்டு பேர் குரலும் ஒன்றாக. "நான் பாத்தேன்."

"அப்ப சொல்லு. வாசல்ல நிக்கிற. வாயால சொல்லு."

தனசேகர் கைகூப்பினார். "வேடியப்பன் செத்துட்டான் ஐயா. சாவு."

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல் தெரு ஓவென்று அழுதது. மாதக்கணக்காய் அடக்கிவைத்த அழுகை அது. பெண்கள் பச்சியம்மாவைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ பறைக்காரரைக் கூப்பிட ஓடினார்கள். தனசேகரை யாரும் அடிக்கவில்லை. அடித்தால் அவருக்குள்ளிருந்த வேடியப்பனையும் சேர்த்து அல்லவா அடித்ததாகும். அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து போனார், புது டின் கட்டிலுக்கடியில் கிடந்தது.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் கம்பெனிகளை அறியாதவர்கள். மறுநாள் போலீசும் கம்பெனி வக்கீலும் கேட்டபோது தனசேகர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார், களி தின்று வாயில் வந்ததை யார் சாட்சியாக எடுப்பார்கள். பெரிய சட்டி நிற்கவில்லை. மேல்தட்டில் வேறொருத்தன் கம்பியோடு நின்றான். தனசேகர் மட்டும் அதன்பிறகு எந்த இடத்தில் நின்றாலும் அண்ணாந்து தன் முகத்தையே பார்க்கிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், வீட்டில் அடுப்பில் எது கொதித்தாலும் ஓடிப்போய் நிறுத்தினார் என்றும் சொன்னார்கள். கருமாதி நாளில், தின்றவர்களெல்லாம் பங்காளிகள்தான் என்று தெரு முடிவு செய்து, கெம்பனிலிருந்து அத்தனை ஆண்களும் வரிசையாக உட்கார்ந்து மொட்டையடித்துக்கொண்டார்கள். இஸ்மாயில் பாய் மொட்டைமேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடை திறந்தார். வரிசையின் கடைசியில், துண்டால் முகத்தை மூடி, பஞ்சப்பள்ளிப் பக்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாவிதர் ஒன்றும் கேட்காமல் அவருக்கும் தலையை நனைத்தார்.

எல்லோரும் போனபிறகு பச்சியம்மா காலி டின்னைத் தூக்கிப்போட எடுத்தாள். அடியில் ஒன்றும் இல்லை. ஆனால் டின்னை அப்படியே எறிகிற கை எந்தச் சமையல்காரிக்கும் கிடையாது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, சுழற்றிக் குலுக்கி, லேசாய்ச் சிவந்த அந்தத் தண்ணீரை ஈயச்சொம்பில் வடித்து, பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்தாள். நுரை கட்டியதும் இறக்கினாள். வெறும் கழுத்தோடு அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு பிடி சோற்றில் பிசைந்து, சேதி வந்த வீட்டில் வேண்டுதல் முடிந்தவளாக, வாயில் வைத்தாள்.

டின் கழுவிய தண்ணீரில் பெரிதாய் என்ன இருந்துவிடப்போகிறது. ஒரு காலைப்பொழுது வந்தது. காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் தூக்கோடு ஒருத்தன் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறான். அடுப்பின் முன்னால் குந்தியிருக்கிற ஒரு பெண்பிள்ளையின் முதுகு தெரிகிறது, ஜாக்கெட்டின் தையல் விட்டிருக்கிறது, பிடரியில் வேர்வையில் முடி ஒட்டியிருக்கிறது. கூப்பிடலாமா என்று நினைக்கிறான். ஷிஃப்டுக்கு நேரமாகிறது. அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் கையை நிறுத்துவாள், அடிபிடித்துவிடும், சாயங்காலம் வந்து பேசிக்கொள்ளலாம் என்று போய்விடுகிறான்.

அது யார் முதுகு என்று பச்சியம்மாவுக்குக் கொஞ்சநேரம் தெரியவில்லை, தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள். தெரிந்ததும் அவள் கையில் சோற்றோடு திரும்பி வாசலைப் பார்த்தாள்.